இன்றைக்கு மட்டும் டீச்சர்

காலை ஏழே கால் மணிக்குத் தொலைபேசி அடித்தால் அன்றைக்கு வேலை உண்டு. ஏழரைக்குள் அடிக்காவிட்டால் இல்லை. பேசுவது பெரும்பாலும் ஏதாவதொரு பள்ளியின் தலைமை ஆசிரியை. விஷயம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். ''மூன்றாம் வகுப்பு டீச்சர் இன்றைக்கு லீவு. நீங்க வர முடியுமா?'' எந்தப் பாடம், எத்தனை பிள்ளைகள், எதுவரை நடத்தியிருக்கிறது என்றெல்லாம் கேட்க அங்கே நேரமில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பை எப்போதும் தயாராக இருக்கும். ஒரு பெட்டி சாக்பீஸ், ஒரு டஸ்டர், இரண்டு படக்கதைப் புத்தகங்கள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஈர்க்குச்சிகள், தேய்ந்துபோன பென்சில்கள் ஒரு டப்பா நிறைய. பென்சில் கொண்டுவராத பிள்ளை இல்லாத வகுப்பு கிடையாது என்பது பல வருடப் பாடம்.

செகந்தராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரி சாலையில், லால் பஜாரைத் தாண்டி ஆல்வாலுக்கு முன்னால் வருவது லோத்குண்டா. தெலுங்கில் 'லோது' என்றால் ஆழம், 'குண்ட' என்றால் குளம். இன்றைக்கு அங்கே ஆழமாக இருப்பது போக்குவரத்து நெரிசல்தான். பக்கத்திலேயே ராணுவக் கன்டோன்மென்ட். 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரில் செகந்தராபாத் உருவான காலத்திலிருந்து மதராஸ் ராணுவத்தோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் திருமலகிரி, பொலாரம் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவர்கள் வீட்டில் பேசும் தமிழில் பாதி தெலுங்கு, கொஞ்சம் தக்கணி இந்தி. பள்ளிக்கூடத்தில் இந்த மூன்றோடு ஆங்கிலமும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே சொல்லப்படுவது ஒரு குறிப்பிட்ட பள்ளியின் கதையல்ல. இந்தச் சாலையோரத்திலும் நாட்டின் எத்தனையோ ஊர்களிலும் தினமும் நடக்கிற ஒரு நாள். அதில் வரும் ஆசிரியைக்குப் பெயர் எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகள் அவரை டீச்சர் என்கிறார்கள்.

டீச்சர் வகுப்புக்குள் நுழையும்போது மணி ஒன்பது ஐந்து. நாற்பத்திரண்டு பிள்ளைகள். கரும்பலகையின் வலது மூலையில் ஏற்கெனவே பதினோரு பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவள் வகுப்பு லீடர். எட்டு வயதுப் பெண், கையில் சாக்பீஸோடு காவல்துறை அதிகாரி மாதிரி நிற்கிறாள். பேசியவர்களின் பெயர் பட்டியலில் ஏறும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆசிரியர் வராத வகுப்பை இந்தியப் பள்ளிகள் சமாளிக்கும் முதல் வழி இதுதான்.

முதல் கேள்வி கடைசி பெஞ்சிலிருந்து வருகிறது. ''மா டீச்சர் எப்புடொஸ்தாரு?'' எங்கள் டீச்சர் எப்போது வருவார் என்கிறான். புதிதாக வந்தவருக்கு அது அவமரியாதை இல்லை என்பது இவருக்குத் தெரியும். பழக்கப்பட்ட முகத்தைக் காணவில்லை என்றால் எட்டு வயதுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும்.

வருகைப் பதிவேடு ஆபீசில் இருக்கிறது. பாடத் திட்டக் குறிப்பு பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி லீவில் இருக்கும் ஆசிரியையின் கைப்பையில் இருக்கிறது. எந்தப் பாடம் நடக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டால், எதைக் காட்டினாலும் ''அது முடிஞ்சிபோச்சு'' என்கிறார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பையன்கள் பேரை மாற்றிச் சொல்கிறார்கள். மற்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

டீச்சர் முதலில் செய்வது கரும்பலகை மூலையை அழிப்பது. பதினோரு முகங்கள் சட்டென்று மலர்கின்றன. லீடரின் முகம் மட்டும் வாடுகிறது. அவளுக்கு வேறு வேலை தரப்படுகிறது. இனி பதில் சொல்ல முயன்றவர்களின் பெயரை எழுத வேண்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, எழுது. பத்து நிமிடத்தில் மூலை நிரம்பிவிடுகிறது.

இந்த லீடருக்கு நீண்ட பரம்பரை உண்டு. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். வாத்தியார் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் வாத்தியார். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் அனாதைப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவர நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். பையன் செய்து காட்டினான். பெல் அதை முறைப்படுத்தி 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஆசிரியர் பற்றாக்குறைக்கு மலிவான தீர்வு என்று அதை மற்ற நாடுகளும் பிடித்துக்கொண்டன.

அந்தச் சட்டாம்பிள்ளை பாடம் சொல்லிக் கொடுத்தான். இன்றைய வகுப்பு லீடருக்குச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டுமே மிச்சம். ஆசிரியர் வராத நாளில் பள்ளிகள் பொதுவாகக் கவலைப்படுவதும் சத்தத்தைப் பற்றித்தான். இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைப்பார்கள். அல்லது பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசலில் நின்று இரண்டையும் பார்த்துக்கொள்வார். 'எழுதுங்கள்' என்று ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுப் போவார். பிள்ளைகள் எழுதுவார்கள். சத்தம் இருக்காது. பாடமும் இருக்காது.

பத்து மணிக்கு நோட்டுகளைப் புரட்டுகிறார் டீச்சர். அழகான கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி என்ற குறி. மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பையனை எழுப்பி, தண்ணீரின் பயன்கள் என்ற ஆங்கிலப் பதிலைப் படிக்கச் சொல்கிறார். அவன் நிமிர்ந்து நின்று, பாட்டுப் பாடுகிற மாதிரி நான்கு வரியையும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறான். நல்லது என்று சொல்லிவிட்டு, மூன்றாவது வரியில் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைக்கிறார். இது என்ன?

பையன் முதல் வரிக்குப் போகிறான். உதடு அசைய ஆரம்பத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொண்டு அவர் விரலை நோக்கி வருகிறான். நடுவில் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. வேறு சொல்லைச் சொல்கிறான்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டில் ஒரு தப்புகூட இல்லை.

தினமும் பார்க்கும் கண்ணுக்கு இது தெரியாமல் போவதில் ஆச்சரியமில்லை. நாற்பத்திரண்டு நோட்டுகளைத் திருத்திவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டியவருக்கு, ஒப்பிக்கும் பையனை நிறுத்திப் பார்க்க நேரம் இருப்பதில்லை. முதல்முறையாகப் பார்க்கிறவருக்குத்தான் சட்டென்று படுகிறது. கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் பிரதம் அமைப்பின் 'அசர்' அறிக்கைகளும் இதையே பெரிய அளவில் சொல்கின்றன. இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் நூற்றுக்கு 27.3 பேர். கோவிட் முடிந்து 2022-ல் அது 20.5 ஆக இறங்கியது. 2024-ல் மீண்டும் ஏறி 27.1. அதாவது, பழைய இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பழைய இடமே நாலில் ஒருவர்தான்.

பதினொன்றரை மணிக்குக் கணக்கு. 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். பாதிப் பேர் 35 என்கிறார்கள். 7-லிருந்து 2-ஐக் கழித்தால் 5, 5-லிருந்து 2-ஐக் கழித்தால் 3. எது மேலே எது கீழே என்ற கவலையில்லாமல் பெரியதிலிருந்து சிறியதை எடுத்துவிட்டார்கள். 'கடன் வாங்கி' என்று சூத்திரம் சொல்லத் தெரிந்தவர்களும் உண்டு. யாரிடம் என்ன கடன், ஏன் திருப்பிக் கொடுப்பதில்லை என்றால் தெரியாது.

பையிலிருந்து ஈர்க்குச்சிகள் வெளியே வருகின்றன. ஐந்து கட்டு, இரண்டு தனிக் குச்சி. இதிலிருந்து ஏழு குச்சி கொடு என்கிறார் டீச்சர். கையில் இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்யலாம்? சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் எழுந்து வந்து, கேட்காமலே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றிவிடுகிறாள். பன்னிரண்டு குச்சி. ஏழு போனால் ஐந்து. மிச்சம் நான்கு கட்டில் இரண்டு போனால் இரண்டு. இருபத்தைந்து. அவள் முகத்தைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் கட்டை அவிழ்க்க ஆசை. குச்சிகள் வகுப்பு முழுக்கச் சிதறுகின்றன. சத்தம் வராண்டா வரை கேட்கிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இந்த டீச்சர் இதையெல்லாம் கற்றது அரசுப் பள்ளியில். அங்கே அவருக்குப் பெயர் 'வித்யா வாலன்டியர்'. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கி, 2014-ல் பிரிந்த தெலங்கானாவிலும் தொடர்ந்த ஏற்பாடு அது. நிரந்தர ஆசிரியர் இல்லாத இடத்தில் உள்ளூரில் படித்த ஒருவரை அந்தக் கல்வியாண்டுக்கு மட்டும் அமர்த்திக்கொள்வது. வாலன்டியர் என்றால் தொண்டர். தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. மதிப்பூதியம்தான். தெலங்கானாவில் கடைசியாக மாதம் 12,000 ரூபாய் இருந்தது. 2020-ல் கோவிடுக்காகப் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு உத்தரவும் கைக்கு வராமலேயே வேலையிழந்தார்கள். வராத உத்தரவை எதிர்த்து எங்கே முறையிடுவது?

இந்த யோசனை ஆந்திராவில் பிறந்ததல்ல. 1987-ல் ராஜஸ்தானில் சிக்ஷா கர்மி திட்டம் வந்தது. ஆசிரியர் போகாத தொலைதூரக் கிராமங்களில் அந்த ஊர்க்காரர்களையே பயிற்சி கொடுத்து ஆசிரியராக்குவது அதன் நோக்கம். பிறகு மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் என்று ஒவ்வொரு மாநிலமும் ஒரு பெயர் வைத்தது. கர்மி, மித்ரா, வாலன்டியர். இந்த மூன்று பெயர்களிலும் ஆசிரியர் என்ற சொல் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிக்ஷா மித்ராக்களை அரசு நிரந்தரமாக்கியது. தேவையான தகுதித் தேர்வில் அவர்கள் தேறவில்லை என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால், தகுதியில்லை என்று சொல்லப்பட்டவர்களிடம்தான் அதற்கு முன் பதினைந்து வருடமாகப் பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கதை வேறு உருவத்தில் நடந்தது. 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். மே மாதச் சம்பளம் வேண்டும் என்பதே அவர்களின் பல வருடக் கோரிக்கையாக இருந்தது. பள்ளி நடக்காத மாதத்தில் அவர்களுக்குப் பசிக்காது என்று அரசு நினைத்தது போலிருக்கிறது. 2022-ல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப அறிவிப்பு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்.

இவர்கள் சரியாகச் சொல்லிக் கொடுப்பார்களா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு ஆந்திராவிலேயே ஒரு பதில் கிடைத்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 100 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கூடுதலாக ஒரு ஒப்பந்த ஆசிரியரைக் கொடுத்து, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வருட முடிவில் கூடுதல் ஆசிரியர் வந்த பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னால் இருந்தார்கள். ஒப்பந்த ஆசிரியர்கள் நிரந்தர ஆசிரியர்களைவிடக் குறைவாகவே விடுப்பு எடுத்தார்கள். அவர்கள் வாங்கியது நிரந்தர ஆசிரியர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதை வைத்துக்கொண்டு, எல்லோரையும் ஒப்பந்தத்தில் எடுத்தால் போதுமே என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் இந்த டீச்சரின் பை வராது. பதினைந்து வருட அனுபவத்தில் சேர்ந்த ஈர்க்குச்சியும் பென்சில் டப்பாவும், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர்களிடம் சேர்வது அவரவர் நல்ல மனதால்தான். அதை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது.

மதிய உணவு நேரம். ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு உரிமையாளர். டீச்சர் வகுப்பிலேயே சின்ன பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார். அப்போது ஒரு பெண் குழந்தை பக்கத்தில் வந்து நின்று தணிந்த குரலில் கேட்கிறது. ''டீச்சர், நீங்க தமிழா?'' எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால், குச்சி எண்ணும்போது வாய்க்குள் 'எட்டு, ஒன்பது' என்று எண்ணினீர்களே என்கிறது. பாட்டி அப்படித்தான் எண்ணுவாராம். எத்தனை மொழி பேசினாலும் கணக்கு மட்டும் தாய்மொழியில்தான் நடக்கிறது. அந்தக் குழந்தைக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. மீதி நேரம் முழுக்க அது டீச்சரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

லீவில் இருக்கும் ஆசிரியையின் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. அவருக்கும் காய்ச்சல் வரும், பிரசவம் ஆகும், வீட்டில் சாவு விழும். 2017-ல் திருத்தப்பட்ட சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தருகிறது. அது நல்ல சட்டம். அந்த 26 வாரமும் வகுப்பை யார் பார்ப்பது என்பதற்கு எங்கும் பதில் எழுதப்படவில்லை.

அரசுப் பள்ளியில் இன்னொரு காரணமும் உண்டு. 2003-ல் உலக வங்கி ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனபோது நாலில் ஒரு ஆசிரியர் பள்ளியில் இல்லை. அத்தனை பேரும் வேலைக்கு மட்டம் போட்டவர்கள் அல்ல. முறையான விடுப்பிலும் அரசாங்கம் அனுப்பிய வேறு வேலையிலும் இருந்தவர்களும் அதில் அடக்கம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு ஆசிரியர்களைக் கல்விசாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் என்ற மூன்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. 2024 நவம்பரில் தெலங்கானா அரசு வீடு வீடாகச் சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்தியபோது 36,000-க்கும் மேற்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் அந்த வேலைக்குப் போனார்கள். தொடக்கப் பள்ளிகள் அரை நாள் மட்டுமே நடந்தன. கணக்கெடுப்பு அவசியமாக இருக்கலாம். இழந்த அரை நாட்களைக் கணக்கெடுக்க யாரும் இல்லை.

இந்தப் பேச்செல்லாம் இரண்டு ஆசிரியராவது உள்ள பள்ளிகளுக்குத்தான். 1987-ல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு ஆசிரியர் என்று வாக்களித்தது. 2024-25-ன் மத்திய கல்வி அமைச்சகப் புள்ளிவிவரப்படி நாட்டில் 1,04,125 ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. படித்த பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் மேல். முதலிடம் ஆந்திரப் பிரதேசத்துக்கு, 12,912 பள்ளிகள். தெலங்கானாவில் 5,001. அங்கெல்லாம் ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கே காய்ச்சல்.

லோத்குண்டாவிலிருந்து செகந்தராபாத் ரயில் நிலையம் சில கிலோமீட்டர் தூரம். தென் மத்திய ரயில்வேயின் தலைமையகம் 1966-லிருந்து அந்த நகரத்தில்தான் இருக்கிறது. ரயில்வேயில் 'லீவ் ரிசர்வ்' என்று பணியிடங்கள் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் லீவு போடுவார் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, அவருடைய இடத்தில் நிற்பதற்காகவே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்குக் காய்ச்சல் என்று எந்த ரயிலும் நின்றதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் லீவு போடுவது மட்டும் ஒவ்வொரு முறையும் எதிர்பாராத சம்பவமாகவே நடத்தப்படுகிறது.

அமெரிக்காவில் ஒவ்வொரு கல்வி மாவட்டமும் மாற்று ஆசிரியர்களின் பட்டியல் வைத்திருக்கிறது. லீவு போடுகிற ஆசிரியர் மறுநாளுக்கான பாடக் குறிப்பை மேஜையில் விட்டுச் செல்வது அங்கே வழக்கம். அவர்களுக்கும் பிரச்சினை இல்லாமல் இல்லை. நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் 2014-ல் மெய்ன் மாநிலத்தில் 28 நாட்கள் மாற்று ஆசிரியராக வேலை பார்த்து, 700 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார். 2022 ஜனவரியில் கோவிட் அலையில் ஆசிரியர்கள் படுத்தபோது, நியூ மெக்சிகோ மாநிலம் தேசியக் காவல் படையினரை வகுப்புக்கு அனுப்பியது. மாநில ஆளுநரே ஒரு வகுப்புக்கு மாற்று ஆசிரியராகப் போனார். அந்த அளவுக்குப் போனதற்குக் காரணம், வகுப்பு நடந்தே ஆக வேண்டும் என்று யாரோ நினைத்ததுதான்.

இங்கே பெரிய பணம் இல்லாமலே செய்யக்கூடியவையும் உண்டு. மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தினார்கள். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும். அதைப் பின்பற்றி 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, 2007-ல் தமிழ்நாடு முழுவதும் போனது. அந்த முறைக்கு எதிராகச் சொல்லப்பட்டவை பல. ஒரு நன்மையை மட்டும் யாரும் மறுக்க முடியாது. புதிதாக உள்ளே வரும் ஒருவர், இவன் எதுவரை வந்திருக்கிறான் என்று சுவரில் இருக்கும் அட்டவணையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பீரோ சாவி தேவையில்லை.

பிற்பகல் இரண்டரை மணிக்கு டீச்சர் மூன்றாவது பெஞ்சுப் பையனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் படக்கதைக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, நீ பள்ளிக்கு வரும் வழியில் என்னென்ன போர்டு பார்ப்பாய் என்று கேட்கிறார். பஸ், டீ, மில்க். அவன் தினமும் பார்க்கும் எழுத்துகள். அவற்றைப் பெரிதாக எழுதிக் காட்டுகிறார். 'பஸ்' உடனே வந்துவிடுகிறது. அதன் முதல் எழுத்தை வைத்து இன்னொரு சொல். கடைசி எழுத்தை வைத்து மற்றொன்று. மூன்று மணிக்குள் அவன் நான்கு சொற்களை, எங்கிருந்து விரலை வைத்தாலும், படிக்கிறான். நான்கே சொல். முதல் வரியிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டிய அவசியமில்லாத நான்கு சொல்.

நாளைக்கு ஐந்தாவது சொல்லை யார் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. பெரியவர்களுக்கு இது ஒரு தற்காலிக ஏற்பாடு. தற்காலிக ஆசிரியர், தற்காலிகச் சம்பளம், தற்காலிக உத்தரவு. அந்தப் பையனுக்கு மூன்றாம் வகுப்பு தற்காலிகமாக வரவில்லை. ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அதில் போன நாள் போனதுதான்.

நான்கு மணிக்கு மணி அடிக்கிறது. ''ரேபு கூட ரண்டி டீச்சர்'' என்கிறார்கள் பிள்ளைகள். நாளைக்கும் வாருங்கள். வருகிறேன் என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. வர மாட்டேன் என்று சொல்ல மனமில்லை. பார்க்கலாம் என்கிறார்.

வகுப்பு காலியான பிறகு ஒரு தாளை எடுத்து எழுதுகிறார். நாளை வரப்போகும் ஆசிரியைக்கு. கழித்தலில் பலர் பெரியதிலிருந்து சிறியதை எடுக்கிறார்கள், குச்சிக் கட்டு வைத்தால் புரிகிறது. ஒன்பது பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை, பெயர்கள் கீழே. மூன்றாவது பெஞ்சுப் பையன் நான்கு சொல் படிக்கிறான், அந்தச் சொற்கள் இவை. லீடருக்கு நல்ல ஞாபக சக்தி, வேறு வேலை கொடுக்கலாம்.

தாளை மேஜை மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் ஈர்க்குச்சிக் கட்டு ஒன்றை வைக்கிறார். பிறகு யோசித்து, மற்ற நான்கு கட்டுகளையும் அங்கேயே விட்டுவிடுகிறார். ஆபீசில் அன்றைய பணத்தை வாங்கிக்கொண்டு, சாலையைக் கடந்து ஷேர் ஆட்டோ பிடிக்கிறார். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு விளக்குமாறு வாங்க வேண்டும். நாளைக் காலை ஏழே காலுக்குத் தொலைபேசி வந்தால், வேறொரு வகுப்பில் வேறு நாற்பது பிள்ளைகளுக்குக் குச்சி வேண்டியிருக்கும்.